ஒரு கன மில்லிமீட்டர் மூளை

அமெரிக்காவில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கோளாறு இருந்த இடம் ஆழத்தில். அதை எட்டுவதற்காக, மேலே இருந்த புறணியில் சிறு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். வழக்கமாகக் கழிவோடு போய்விடும் அந்தத் துணுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெஃப் லிச்ட்மனின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அதற்குச் சாயமேற்றி, பிசினில் உறையவைத்து, வைரக் கத்தியால் சீவினார்கள். ஒரு சீவலின் தடிமன் சுமார் 30 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்கள் அடங்கும். ஏறத்தாழ 5,000 சீவல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்க, கூகுளின் கணினி நிரல்கள் நரம்பிழைகளைச் சீவலுக்குச் சீவல் பின்தொடர்ந்து முப்பரிமாண வரைபடமாக்கின. 2024இல் அது வெளியானது. அரை அரிசி அளவுள்ள அந்தத் துணுக்குக்கு மட்டும் 1,400 டெராபைட் தரவு! முழு மூளை அதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் பெரியது.

உள்ளே 57,000 செல்கள், நியூரான்களுக்கிடையே செய்தி கடக்கும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் 15 கோடி. செல்களில் நியூரான்களைவிட, அவற்றைப் பேணும் கிளையா செல்களே இரண்டு மடங்கு அதிகம். என்னை வியக்கவைத்தது இணைப்புகளின் விதம்தான். ஒரு நியூரானின் இழை இன்னொரு நியூரானைத் தொட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு சினாப்ஸில் தொட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். அபூர்வமாகச் சில இழைகளோ ஒரே நியூரானை விடாமல் பற்றி, 50க்கும் மேற்பட்ட சினாப்ஸ்களை அமைத்திருந்தன. பழகிப்போய் யோசிக்காமலே நாம் செய்கிற காரியங்களுக்கு இத்தகைய வலுவான பிணைப்புகள் உதவுகின்றனவோ என்பது ஓர் ஊகம், இன்னும் நிரூபணமாகவில்லை. வேறு சில இழைகள் காரணமே தெரியாமல் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு முடிச்சாகக் கிடந்தன.

இணைப்பு வரைபடம் கிடைத்துவிட்டால் மூளை புரிந்துவிடுமா? புரியாது என்றே நினைக்கிறேன். அதற்குச் சாட்சி ஒரு புழு. சி. எலிகன்ஸ் என்ற அந்த மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கு மொத்தமே 302 நியூரான்கள். அவற்றின் இணைப்புகள் 1986லேயே வெளியாகிவிட்டன. ஆனாலும் அது அடுத்த நொடி என்ன செய்யும் என்று அந்த வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் சொல்லிவிட முடியாது. நியூரோபெப்டைடுகள் போன்ற வேதிப்பொருள்கள் சினாப்ஸ் வழியே போகாமல் செல்களுக்கிடையே பரவியும் செய்தி சொல்கின்றன. அவற்றின் போக்குவரத்து எந்த இணைப்பு வரைபடத்திலும் பதியாது.

ஆகவே 2025இல் வெளியான மைக்ரான்ஸ் திட்டத்தின் ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். அதில் உயிருள்ள எலிக்கு முதலில் காணொளிகளைக் காட்டி, பார்வைப் புறணியில் சுமார் 75,000 நியூரான்கள் எப்போது துடித்தன என்று பதிவு செய்தார்கள். பிறகு அதே ஒரு கன மில்லிமீட்டர் பகுதியைச் சீவி இணைப்புகளை வரைந்தார்கள். எந்த நியூரான் எதைப் பார்த்து எழுந்தது, அது யாரோடு கோத்திருந்தது என்ற இரண்டும் முதன்முறையாக இந்த அளவில் ஒரே துணுக்கில் சேர்ந்து கிடைத்தன. ஒரே மாதிரிக் காட்சிக்குத் துடிக்கும் நியூரான்கள், தள்ளித் தள்ளி இருந்தாலும்கூட, ஒன்றையொன்று தேடி இணைந்திருந்தன.