அழித்தாலும் அழியாத ஏடு

பூரணாங்குப்பத்தில் மனை வாங்க விரும்பும் ஒருவர் முதலில் என்ன செய்கிறார்? வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். அந்த மனை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எப்போது அடமானம் வைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பழைய பத்திரம் ஒன்றில் சர்வே எண் தவறாக இருந்தால், பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிவதில்லை. பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றைப் புதிதாகப் பதிவு செய்கிறார்கள். பிழையும் நிற்கிறது, திருத்தமும் நிற்கிறது.

பலர் கூடி எழுதும் மென்பொருளுக்கும் இத்தகைய பதிவேடு உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'கிட்' என்னும் கருவி இன்று இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுகிறது. தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் கையாள உதவும் 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பும் இவ்வாறே வளர்ந்ததுதான். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதை இந்த ஏடு சொல்லும்.

நான் செய்த தவறு

இவ்வூரில் வசிக்கும் நான், ஆய்வுக்கூட அளவீடுகளைக் கணக்கிடும் சிறு தொகுப்பு ஒன்றை மாணவர்களுடன் சேர்ந்து எழுதிவந்தேன். ஒருநாள் மாணவர்களின் தொலைபேசி எண்களும் மதிப்பெண்களும் அடங்கிய கோப்பைக் கவனக்குறைவால் அதில் சேர்த்துவிட்டேன். மறுநாளே நீக்கினேன். கோப்பு மறைந்தது, என் கவலையும் தீர்ந்தது. சில நாள் கழித்து ஒரு மாணவி, "ஐயா, பழைய பதிவைத் திறந்தால் என் எண் அப்படியே இருக்கிறதே!" என்றாள். நீக்கம் என்பதும் புதிய பதிவுதான். பழைய பக்கம் தன் இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் அந்தப் பழைய பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

விரலடையாளச் சங்கிலி

கிட் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு ஆகியவற்றுடன் முந்தைய பதிவின் அடையாளத்தையும் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. வழக்கமான முறையில் அதன் நீளம் 40 இலக்கங்கள்.

விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று பக்கங்களின் மதிப்புகள் 12, 25, 40 என்க. முதற்பக்கத்தின் அடையாளம் 12. அடுத்த பக்கத்துக்கு, முந்தைய அடையாளத்தை 3-ஆல் பெருக்கி அப்பக்கத்தின் மதிப்பைக் கூட்டிக் கடைசி இரண்டு இலக்கங்களை எடுப்போம். இரண்டாம் பக்கம் 61. மூன்றாம் பக்கம் 223, அதாவது 23. இப்போது முதற்பக்கத்தில் 12-ஐ 13 ஆக்குங்கள். இரண்டாவது 64 ஆகிறது. மூன்றாவது 32 ஆகிறது. நாம் தொடாத பக்கங்களும் மாறிவிட்டன அல்லவா?

பழைய பதிவொன்றை மாற்றினால் அதன்பின் வந்த பதிவுகள் அனைத்தும் புதிய அடையாளம் பெறுவது இதனால்தான். தனியாக எழுதுபவருக்கு இதனால் தொல்லையில்லை. பகிர்ந்த தொகுப்பிலோ ஒவ்வொருவரிடமும் முழு ஏட்டின் பிரதி இருக்கிறது. பழைய பிரதியை வைத்திருப்பவர் அதைப் புதியதோடு இணைத்துவிட்டால், கிழித்த பக்கம் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்கும் அதுவே நேர்ந்தது. 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்னும் கருவியால் அந்தக் கோப்பை வரலாறு முழுவதிலிருந்தும் நீக்கினேன். விடுமுறை முடிந்து வந்த மாணவர் ஒருவர் தம் பழைய பிரதியை இணைத்தார். எண்கள் திரும்பி வந்துவிட்டன. அவரைக் குறை சொல்வதற்கில்லை. நான்தான் அவருக்குச் சொல்லவில்லை.

எப்போது துடைக்கலாம்?

எழுத்துப்பிழை, அசட்டுக் குறிப்பு, தோற்றுப்போன முயற்சி இவற்றைப் பகிர்வதற்கு முன்பே நம் கணிப்பொறியில் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். பகிர்ந்தபின் அழகுக்காகத் தொடக்கூடாது. பிழைதிருத்தல் பத்திரம் போலப் புதிய பதிவால் திருத்துவதே முறை.

கடவுச்சொல்லோ பிறர் அந்தரங்கமோ ஏறிவிட்டால் வரலாற்றையே திருத்த வேண்டும். 2016-இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட களஞ்சியத்தில் கிடந்த திறவுச்சொல்லைக் கொண்டு, சுமார் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் திருடர்கள் எடுத்துச் சென்றனர். எனவே கடவுச்சொல் வெளிப்பட்டால் முதல் வேலை அதை மாற்றுவது. பிறகு கூட்டாளிகள் அனைவரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, மூலக்களஞ்சியத்தைத் துடைத்து, பழைய பிரதிகளை அழித்துப் புதியவற்றை எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

அப்போதும் முன்பே யாரோ எடுத்துச்சென்ற பிரதி நம் கைக்கு எட்டாது. கடவுச்சொல்லையாவது மாற்றிவிடலாம். அந்த மாணவியின் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்போதெல்லாம் பதிவு செய்யுமுன், எந்தெந்தக் கோப்புகள் ஏட்டில் ஏறப்போகின்றன என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.