அரை மணி நேரம் ஆற்றோரம்!

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டு வேலை செய்யறோமே, அதைவிடவா ஒரு நடை?" இந்தக் கேள்வியைக் கேட்காத மாமியாரும் இல்லை, கேட்டுக்கொள்ளாத மருமகளும் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டு வேலை என்பது நின்று நின்று, குனிந்து நிமிர்ந்து செய்வது. இடுப்பு வலிக்கும், கை ஓய்ந்துபோகும். ஆனால் அரை மணி நேரம் நிற்காமல் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதே, அது அடுப்படியில் வாங்குகிறதா? நீங்களே சொல்லுங்கள், தோழிகளே!

என்னவருக்கு ஆமதாபாத்தில் வேலை. பால்டி பகுதியில் குடியிருக்கிறோம். இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை ஏறியது. குழந்தை பிறந்ததும் தானாக இறங்கிவிட்டது. "அப்பாடா" என்று இருந்தேன். டாக்டரம்மா விடவில்லை. "கர்ப்ப காலத்துல சர்க்கரை வந்தவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமாவே வர வாய்ப்பு அதிகம். தவறாம டெஸ்ட் பண்ணிக்கணும். வாரத்துக்கு அஞ்சு நாள், அரை மணி நேரம் வேகமா நடக்கணும்" என்று சொன்னார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதேதான். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். ஊரில் என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் புண் ஆறாமல் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த எனக்கு, டாக்டரம்மா இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, எங்கே நடப்பது? தெருவில் நடந்தால் ஸ்கூட்டர் இடிக்கும், நாய் துரத்தும், பள்ளம் காலை வாரும். அங்கேதான் சபர்மதி ஆற்றங்கரை எனக்குக் கை கொடுத்தது. ஆற்றின் இரண்டு கரையிலும், கரைக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு, தண்ணீரை ஒட்டியே தளம் போட்ட நடைபாதை இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 15 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மேடு பள்ளம் கிடையாது, வண்டி வராது, நடக்கக் காசும் கிடையாது. எதிரே வருகிறவர்கள் "கேம் சோ, பென்?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். 'எப்படி இருக்கே, அக்கா?' என்று அர்த்தம். மொழி தெரியாத ஊரில் அந்த ஒரு வார்த்தையே பெரிய துணை.

தூரம் அளக்க எனக்கு மீட்டர் தேவையில்லை, பாலங்களே போதும். சர்தார் பாலம் தாண்டினால் நடந்து போகிறவர்களுக்கு மட்டும் என்று 2022-ல் திறந்த அடல் பாலம். 300 மீட்டர் நீளம், பட்டம் மாதிரி வண்ண வண்ணமாய்க் கூரை. அதில் ஏறிப் பார்க்கக் கட்டணம் உண்டு. அதையும் தாண்டினால் 1892-ல் கட்டிய எல்லிஸ் பாலம், இரும்பு வளைவுகளோடு. "இன்னைக்கு எல்லிஸ் வரைக்கும், அடுத்த வாரம் நேரு பாலம் வரைக்கும்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன்.

கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருந்தபோது அவரையும் கூப்பிட்டேன். "முட்டி வலிக்கறவளை நடக்கச் சொல்றியே, நல்லா இருக்கா?" என்றார். "சமதளம்தான் அத்தை, முடிஞ்ச வரைக்கும் நடங்க, வலிச்சா உட்கார்ந்துக்கலாம்" என்றேன். முதல் நாள் பத்தே நிமிடம். மாதம் முடிவதற்குள் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்குப் போய்வந்துவிட்டார்! ஆனால் காவிரிக்கரைக்காரர் ஆச்சே, தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? "மழையே இல்லை, இவ்வளவு தண்ணி எங்கேர்ந்துடி வருது?" என்று கேட்டார். சரியான கேள்வி. முன்பெல்லாம் மழைக்காலம் போனதும் இந்த ஆறு காய்ந்துவிடுமாம். மணலில் சர்க்கஸ் கொட்டகைகூடப் போடுவார்களாம். இப்போது நிற்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். தெற்கே 1976-ல் கட்டிய வாஸ்னா தடுப்பணை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அணைக்குக் கீழே போனால் கழிவு நீர் கலந்த வேறு சபர்மதி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஒருநாள், "நீங்க நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் எங்க குடிசை இருந்துச்சு" என்றார். இந்தக் கரைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேறு இடங்களில் குடிவைத்தார்கள். அந்த அம்மாவுக்கு வட்வா பக்கம் வீடு கிடைத்தது. வேலைக்கு வர இரண்டு பஸ். "வீடு கெட்டியா இருக்கு, ஆனா ஆறு தூரமாப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஊரில் ஆற்றங்கரையை அழகுபடுத்தினாலும், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் பிழைப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நடக்க நினைக்கும் தோழிகளுக்கு என் அனுபவத்தில் சில:

செருப்பு வேண்டாம், மெத்தென்ற ஷூ போடுங்கள். சிமென்ட் தளம் குதிகாலுக்குக் கடினம். புடவைக்கு ஷூவா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

கரையில் நிழல் குறைவு. இந்த ஊரில் 2016 மே மாதம் 48 டிகிரி வெயில் அடித்தது! கோடையில் ஏழு மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கையில் ரெண்டு மிட்டாய் வைத்திருங்கள். படபடப்பு, வியர்வை வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், புண், கொப்புளம் இருக்கிறதா என்று.

நேரமே இல்லையா? பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

இதே சபர்மதிக் கரை ஆசிரமத்திலிருந்துதான் 1930 மார்ச் 12 அன்று காந்திஜி தண்டிக்குப் புறப்பட்டார். அறுபது வயது தாண்டிய மனிதர், 24 நாளில் சுமார் 385 கிலோமீட்டர் நடந்தார். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். உங்கள் ஊரில் ஆற்றங்கரையோ குளக்கரையோ இருந்தால், சமமாக ஒரு பாதையும், நாலு விளக்கும், உட்கார ரெண்டு பெஞ்சும் போட்டுத் தரச் சொல்லி, நாலு பெண்கள் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனு கொடுங்கள். பாதை நல்லதாக இருந்தால் பெண்கள் தானாக நடப்பார்கள். வரும்வரை மொட்டை மாடியாவது இருக்கிறதே, இன்றைக்கே ஆரம்பியுங்கள்!

– ஒரு வாசகி, ஆமதாபாத்.