தண்டனை பெற்ற அரசு ஊழியருக்குப் பென்ஷன் உண்டா?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் மாதத்தின் கடைசி நாள் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் நாளாக இருந்துவந்தது. பொன்னாடையும் மாலையும் தயாராக இருக்கும். பணி நிறைவு விழா தொடங்கும் முன்பே பணியிடை நீக்க ஆணை வந்து சேரும். கடும் தண்டனைக்கு வழிவிடும் ‘17-பி’ குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கோ நிலுவையில் இருந்தால், அடிப்படை விதி 56-ஐக் காட்டி, அவரை ஓய்வுபெற விடாமல் பணியிலேயே இருப்பவராக வைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்று வெளியே போய்விட்டவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது என்பதுதான் காரணம். ஆண்டுக்கணக்கில் தூங்கிய கோப்பு கடைசி நாள் மாலையில் மட்டும் விழித்துக்கொள்ளும் இந்த வழக்கத்தைத் தவிர்க்கப்போவதாக 2021-இல் தமிழ்நாடு அரசே சட்டப்பேரவையில் அறிவித்தது.

‘லஞ்சம் வாங்கினவனுக்கு எதுக்குப் பென்ஷன்?’ என்று டீக்கடையில் கேட்பவருக்குச் சட்டம் ஒரே பதிலைச் சொல்வதில்லை. தீர்ப்பு வரும்போது அவர் பணியில் இருந்தாரா, ஓய்வுபெற்றுவிட்டாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பணியில் இருந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவரைத் தனித் துறை விசாரணை இல்லாமலே நீக்க அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு வழிவிடுகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அதுவரை பொறுக்கக் கூடாதா என்ற கேள்வி தமிழ்நாட்டுக் கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் எழுந்தது. பொறுக்கத் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் விடுதலையானால் ஆணையை மாற்றிக்கொள்ளலாம். டிஸ்மிஸ் ஆனவரின் முந்தைய பணிக்காலம் கணக்கில் இருந்தே போய்விடும். பென்ஷனும் பணிக்கொடையும் கூடவே போகும்.

ஓய்வுபெற்றவர் விஷயம் வேறு. பென்ஷன் அரசு போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்பது 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சாரம். அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் உரிமைக்கும் நிபந்தனை உண்டு. ‘எதிர்கால நன்னடத்தை’ ஒவ்வொரு பென்ஷனிலும் உள்ளடங்கிய நிபந்தனை என்கின்றன மத்திய அரசு ஓய்வூதிய விதிகள். பணிக்காலத்தில் செய்த கடுமையான முறைகேடு நிரூபணமானால், பென்ஷனை முழுவதுமாகவோ பகுதியாகவோ, நிரந்தரமாகவோ சில காலத்துக்கோ நிறுத்தலாம். தமிழ்நாட்டின் 1978-ஆம் ஆண்டு விதிகளும் இதே போக்கில்தான் செல்கின்றன. இதில் ஒரு விநோதமும் உண்டு. மத்திய அரசில் பகுதியை மட்டும் நிறுத்தினால், மீதி 9,000 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. முழுவதையும் நிறுத்தினால் அந்த வரம்பு காப்பாற்றாது.

ஆனால் தீர்ப்புக்கு முன்னால் கை வைக்க, விதியில் இடம் இருக்க வேண்டும். ஜார்க்கண்ட் கால்நடைத் துறையில் பணியாற்றிய ஒருவர் மீது 1990-களில் வழக்குகள் பதிவாகின. அவர் 2002-இல் ஓய்வுபெற்றபோதும் வழக்குகள் முடியவில்லை. பென்ஷனில் ஒரு பகுதியை அரசு பிடித்துவைத்தது. பென்ஷன் ஒரு சொத்து. விதியில் இடமில்லாமல், வெறும் சுற்றறிக்கையைக் காட்டி அதைப் பிடிக்க முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் குற்றம் செய்தவரைப் பற்றியது. அவர் மனைவி? டிஸ்மிஸ் ஆனவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது: டிஸ்மிஸ் ஆனவருக்குத் தரப்படும் கருணைப்படி. தகுதியான நேர்வுகளில், கிடைத்திருக்க வேண்டிய பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குவரை தரலாம். அதுவும் எல்லோருக்கும் அல்ல. நேர்மையின்மை, சொந்த ஆதாயம், அடுத்தவருக்கு வேண்டுமென்றே கேடு விளைவித்தல் போன்ற காரணங்களால் வேலை இழந்தவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. லஞ்ச வழக்குக் குடும்பத்துக்கு அந்தச் சன்னலும் ஏறக்குறைய சாத்தப்பட்டதுதான்.

குற்றத்துக்கு ஏற்ற தண்டனை எவ்வளவு என்ற கேள்வியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் நேராகவே எதிர்கொண்டது. சக காவலர்களின் தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் திருட்டுத்தனமாகப் பார்த்த காவல் அதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். அவர் இழக்கவிருந்த பென்ஷனின் மதிப்பு 6 லட்சம் டாலருக்கும் மேல். குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் இது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் அதைத் தடுத்தது.

இங்கே டிஸ்மிஸ் விஷயத்தில் அந்தக் கணக்கை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. 500 ரூபாய் வாங்கிய கடைநிலை ஊழியரும் கோடிகளைச் சுருட்டிய உயரதிகாரியும், டிஸ்மிஸ் என்று வந்துவிட்டால், இழப்பது முப்பது ஆண்டுப் பணிக்காலத்தைத்தான். உயரதிகாரிக்கு வேறு சொத்து இருக்கும். கடைநிலை ஊழியரின் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தபின் இன்னொரு முரணும் முளைத்திருக்கிறது. 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் (முப்படைகள் நீங்கலாக) சேர்ந்தவர்களின் பணம் அவரவர் கணக்கில் சேர்கிறது. டிஸ்மிஸ் ஆனாலும் அந்தத் தொகை, முன்கூட்டியே வெளியேறுவோருக்கான நிபந்தனைகளோடு, அவருக்குத்தான். அதே குற்றத்தைச் செய்த பழைய திட்டக்காரருக்குப் பொதுவாகப் பென்ஷன் என்று ஒன்றுமில்லை.

பொதுப்பணத்தைத் திருடியவருக்கு முழுப் பென்ஷன் தரச் சொல்ல நியாயம் எதுவும் இல்லை. அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தை அதிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். அவர் பங்கை நிறுத்தட்டும். ஆனால் எவ்வளவு என்பதைக் குற்றத்தின் அளவு தீர்மானிக்க வேண்டும். குற்றத்தில் பங்கில்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தை, அதிகாரியின் கருணைக்கு விடாமல், விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.