இசையின் வேகமும் இதயத்துடிப்பும்: தன்னியக்க நரம்பு மண்டல நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

இசை மனத்தை அமைதிப்படுத்தும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைத் தணிக்கும் என்ற கூற்றும் இசை மருத்துவம் பற்றிய எழுத்துகளில் இடம்பெறுகிறது. ஆயின், கேட்போரின் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மாற்றுவது ராகமா, வேகமா, ஓசையின் வலிமையா என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாகும். அதற்கு விடைகாண உதவும் அளவீட்டு ஆய்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நரம்பு வழிச் செயற்பாடு

இதயத்துடிப்பு வலது மேலறையிலுள்ள கணுவில் தோன்றுகிறது. பரிவு நரம்புகள் அதனை விரைவுபடுத்துகின்றன. வேகஸ் நரம்பின் வழியே செயற்படும் துணைப்பரிவு நரம்புகள் அதனைத் தணிக்கின்றன. செவி பெறும் ஒலி மூளைத்தண்டைக் கடந்து செவிப்புலப் புறணியை அடைகிறது. உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளும் இசையால் தூண்டப்படுகின்றன; அத்தூண்டல் தன்னியக்க நரம்பு மண்டலத்தையும் சென்றடைகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் இயல்பு. எனவே, இசையின் நடைக்கேற்ப மூச்சு மாறும்போது துடிப்பும் மாறுகிறது.

வேகமும் மௌனமும்

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி குழுவினரின் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் 12 இசைக்கலைஞர்களும் இசைப்பயிற்சி பெறாத 12 பேரும் பங்கேற்றனர். இந்திய ராக இசை, ஐரோப்பியச் செவ்வியல் இசை, ராப், டெக்னோ உள்ளிட்ட 6 வகை இசை அவர்களுக்கு ஒலிக்கப்பட்டது. விரைவு நடையில் மூச்சு, இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு ஆகியன உயர்ந்தன. இசையின் வகையையும் கேட்போரின் விருப்பத்தையும் விட வேகமே முதன்மைக் காரணியாக அமைந்தது. இடையில் அமைக்கப்பட்ட 2 நிமிட மௌனத்தில் இம்மூன்றும் தொடக்கநிலை அளவினும் தாழ்ந்தன. அமைதியை விளைவிப்பதில் இசையின் இடைநிறுத்தத்திற்கும் பங்குண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

இக்குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு ஓசையின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தது. ஓசை படிப்படியாக உயர்ந்தபோது தோலின் இரத்த நாளங்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் கூடியது. வெர்டியின் இசைநாடகப் பாடல்களில் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை அமைந்த இசைத்தொடர்களோடு, உடலின் இயல்பான இரத்த அழுத்த அலைவும் இணைந்து இயங்கியது.

மருத்துவப் பயன்

இதயத் தமனி நோயாளிகளிடம் நிகழ்த்தப்பட்ட 26 ஆய்வுகளை, மொத்தம் 1,369 பங்கேற்பாளர்களைக் கொண்டு, காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் தொகுத்தது. இசை கேட்டல் பதற்றம், இதயத்துடிப்பு, மூச்சு வீதம், சுருங்கழுத்தம் ஆகியவற்றைக் குறைக்கக்கூடும் என அது கண்டது. எனினும், பல ஆய்வுகளின் தரம் போதுமானதாக இல்லை என்பதையும் அது சுட்டியது. ஆகவே, இசை மருந்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

முடிவுரை

ஒரு ராகத்தின் விரிவான ஆலாபனையும் அதே ராகத்தில் அமைந்த துரிதகாலத் தில்லானாவும் உடலுக்கு ஒரே தூண்டல் ஆகா. ராகத்தின் பெயரை மட்டும் குறிப்பிடும் ஆய்வு, விளைவுக்குரிய காரணத்தைப் பிரித்தறிய இயலாது. காலப்பிரமாணம், ஓசை அளவு, கேட்போரின் மூச்சு வீதம் ஆகியவற்றைப் பதிவு செய்வதும், இசையின்றி அமைதியாக இருக்கும் குழுவொன்றை ஒப்பீட்டுக்குக் கொள்வதும் இன்றியமையாதன. அவ்வாறு செய்யும்போதே, ராகத்திற்கெனத் தனி விளைவு உண்டா என்னும் வினாவுக்குச் சான்றுடன் விடை கூற இயலும்.