கம்பிகளின் சம்பந்திச் சண்டை

தர்மபுரி ஊருக்கு முதன் முதலில் ரயில் வந்தது மொரப்பூர் வழியாகத்தான். 1906-ம் வருஷத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு, இரண்டரை அடி அகலமுள்ள தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கிற்று. 1913-ல் அது ஓசூர் வரையில் நீண்டது. மொரப்பூரிலோ, சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் செல்லும் அகலப் பாதை. சின்ன ரயிலின் பெட்டி பெரிய தண்டவாளத்தில் ஏறாது. பெரிய ரயிலின் பெட்டி சின்னத் தண்டவாளத்தில் இறங்காது. ஆகவே தர்மபுரிச் சரக்கு முழுவதும் மொரப்பூரில் இறக்கி, சுமந்து, மறுபடியும் ஏற்றப்பட வேண்டும். இரண்டு ரயில்களும் எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன? மூட்டை எப்பொழுது சென்னை போய்ச் சேரும் என்பதை நிர்ணயித்தது அந்த மொரப்பூர் மேடைதான்.

1941-ல், யுத்த காலத்தில், அந்தச் சின்ன ரயில் நின்று போயிற்று. ஆனால் மொரப்பூர் மேடை மட்டும் வேறொரு ரூபத்தில் இன்றைக்கும் நம் வீடுகளுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருந்து வருகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அரூரில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். மாலை எட்டு மணி. பெண் பரீட்சைக்கு இணைய வழியாகப் பாடம் கேட்கிறாள். ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கையில் அவருடைய வாய் திறந்தபடி நின்று விடுகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. பிறகு அதுவும் இல்லை. தகப்பனார் வேகம் பார்க்கும் கருவியைத் திறந்து சோதிக்கிறார். மாதச் சந்தாவுக்கு வாக்களிக்கப்பட்ட 100 மெகாபிட் வேகம் அப்படியே இருப்பதாக அது காட்டுகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் மறுநாள் காலை ஒரு பையன் வந்து கம்பியைப் பார்த்து, ரூட்டரை அணைத்து ஏற்றி, “ஸார், எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை” என்கிறான். காலை வேளையில் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. அன்று மாலை எட்டு மணிக்கு மறுபடியும் ஆசிரியரின் வாய் திறந்தபடி நிற்கிறது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வேகக் கருவி பெரும்பாலும் சோதிப்பது வீட்டிலிருந்து கம்பெனியின் சொந்த யந்திரம் வரையில் உள்ள பாதையைத்தான். சின்ன ரயில் தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு ஒப்பானது அது. அதற்கப்பால் மேடையில் மூட்டை எத்தனை நேரம் கிடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

இணையம் என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, அது ஒன்றல்ல. உலகத்தில் தனித்தனிச் சொந்தக்காரர்களைக் கொண்ட வலைகள் 70,000-க்கு மேல் இருக்கின்றன. ஒருவருடைய சந்தாதாரர் மற்றொருவருடைய சந்தாதாரரை எட்ட வேண்டுமானால், அவ்விரு வலைகளும் நேராகவோ சுற்றியோ எங்கேனும் சந்தித்தாக வேண்டும். சந்திப்பதற்கு இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, சிறியவன் பெரியவனுக்குப் பணம் கொடுத்து, “என் சரக்கையும் உலகமெங்கும் சேர்த்துவிடு” என்று கேட்டுக் கொள்வது. இதற்கு டிரான்ஸிட் என்று பெயர். இரண்டாவது பியரிங். இதை நம்முடைய குடும்பப் பேச்சில் சொல்வதானால், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. இரண்டு வீடும் ஏறக்குறைய சமம். என் பிள்ளைகள் உன் வீட்டுக்கு வருவார்கள், உன் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். ஆகவே சீரும் வேண்டாம், செனத்தியும் வேண்டாம் என்பது ஏற்பாடு. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், உலகத்தில் இத்தகைய சம்பந்தங்களில் பெரும்பகுதி பத்திரம் எழுதாமல், கைகுலுக்கலிலேயே முடிந்தவை.

சம்பந்தம் என்று வந்தால் சம்பந்திச் சண்டையும் வராமல் இருக்குமா? ஒரு வீட்டார் சினிமாக்களையும் வீடியோக்களையும் மலைபோல் அனுப்பத் தொடங்குகிறார்கள். மற்ற வீட்டாரிடமிருந்து போவதோ கையளவு. “நாம் சமம் என்று பேசினோமே! இப்போது உன் சுமையை நான் அல்லவா தூக்குகிறேன்? பணம் எடு” என்கிறார் ஒருவர். “உன் சந்தாதாரர் கேட்டதைத்தானே அனுப்புகிறேன்? அதற்குத்தானே அவரிடம் நீ மாதாமாதம் வாங்குகிறாய்?” என்கிறார் மற்றவர். இரண்டு வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் தொல்லை.

இந்தச் சண்டையில் கதவைச் சாத்துவது அபூர்வம். கதவை அகலப்படுத்தாமல் இருந்தாலே போதும். பகலில் பத்துப் பங்கு சரக்குக்குப் போதுமான வாசல், இரவு ஏழு மணிக்குமேல் பன்னிரண்டு பங்கு வந்தால் திணறுகிறது. மிஞ்சிய இரண்டு பங்கை யந்திரம் வரிசையில் நிறுத்தும். வரிசையும் நிரம்பினால் கீழே போட்டுவிடும். வாங்க வேண்டியவர் “வரவில்லை, மறுபடி அனுப்பு” என்று கேட்கிறார். அனுப்புகிறவர் பாதை நெரிசல் என்று தெரிந்து தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்கிறார். சினிமா பார்ப்பவருக்கு இதனால் படம் மங்கும்; சற்று முன்னதாகவே சேமித்து வைத்த பகுதி ஓடிக்கொண்டிருப்பதால் அவர் அதிகம் கவனிக்கமாட்டார். நேருக்கு நேர் பாடம் கேட்கும் பெண்ணுக்கோ சேமிப்பு என்பதே இல்லை. கீழே விழுந்த வார்த்தை விழுந்ததுதான்.

இத்தகைய பிணக்கு நம் தேசத்தில் கோடிக்கணக்கான ஜனங்களின் காதிலேயே கேட்டது 2016-ல். அது இணையத்தில் அல்ல, டெலிபோன் பேச்சில் நடந்தது. ஆயினும் வியாதி ஒன்றுதான். அந்த வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ரிலையன்ஸ் ஜியோ கம்பெனி பேச்சை இலவசமாகக் கொடுத்துக் கடை திறந்தது. இலவசம் என்றால் ஜனங்கள் பேசாமல் இருப்பார்களா? ஆனால் ஜியோவிலிருந்து ஏர்டெல், வோடபோன், ஐடியா சந்தாதாரர்களைக் கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. நூறு அழைப்பில் எழுபத்தைந்துக்கு மேல் வீணாகின்றன என்று ஜியோ புகார் செய்தது. ஆயிரத்துக்கு ஐந்துக்குமேல் வீணாகக் கூடாது என்பது விதி! பழைய கம்பெனிகள் வேண்டிய அளவு சந்திப்பு வாசல்களைத் திறக்கவில்லை என்பது ஜியோவின் குற்றச்சாட்டு. இலவசப் பேச்சு வெள்ளம்போல் ஒரே பக்கமாகப் பாய்கிறது, நிமிஷத்துக்கு 14 காசு என்ற அன்றைய சந்திப்புக் கட்டணம் அதைச் சுமக்கப் போதாது என்பது பழைய கம்பெனிகளின் பதில்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அக்டோபர் மாதத்தில் தன் தீர்மானத்தைச் சொல்லிற்று. ஏர்டெலுக்கும் வோடபோனுக்கும் தலைக்கு 1,050 கோடி ரூபாய், ஐடியாவுக்கு 950 கோடி ரூபாய், ஆக 3,050 கோடி அபராதம் விதிக்கலாம் என்று சிபார்சு செய்தது. அந்தத் தொகையைக் கேட்டு சர்க்கார் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது 2021-ல். அதற்குள் சண்டைக்கு மூலகாரணமாயிருந்த சந்திப்புக் கட்டணம், 2017-ல் 6 காசாகக் குறைந்து, 2021 ஜனவரி முதல் அடியோடு ஒழிந்தே போய்விட்டது. அபராதம் வசூலானாலும் அது சர்க்கார் கஜானாவுக்குச் சேர வேண்டியது. அந்தச் செப்டம்பர் மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் பேச முயன்று முயன்று தோற்றவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இணையத்தின் விஷயத்தில் நம் தேசம் இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றைப் பார்த்திருக்கிறது. 1995 ஆகஸ்டு 15-ந் தேதி, விதேஷ் சஞ்சார் நிகம் என்ற சர்க்கார் கம்பெனி பொது ஜனங்களுக்கு இணையத்தைக் கொடுத்தது. 1998 முதல் தனிக் கம்பெனிகளும் வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் கடல் கடந்து அமெரிக்காவுக்கு ஒரு கம்பியை வாடகைக்குப் பிடித்ததே தவிர, அடுத்த தெருக் கம்பெனியோடு கம்பி சேர்த்துக் கொள்ளவில்லை. விளைவு என்ன? ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகளின் சந்தாதாரர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பினால், அது அமெரிக்கா போய் அங்கே கைமாறித் திரும்பி வந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது என்றாலும், அமெரிக்கா போய்த் திரும்பக் கால் விநாடியைப் போல் ஆகிவிடும். பதில் வர இன்னொரு கால் விநாடி. நம் பஞ்சு மான்செஸ்டருக்குக் கப்பலேறித் துணியாகத் திரும்பிய கதையை நம் பாட்டனார்கள் பார்த்தார்கள். நாம் நம் வார்த்தைகளே கப்பலேறித் திரும்பியதைப் பார்த்தோம். போக வரக் கூலி இரண்டும் அந்நிய நாணயத்தில்! வ.உ.சி.யின் தோழர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய பாப்பாரப்பட்டி இந்தத் தர்மபுரி ஜில்லாவில்தான் இருக்கிறது. சுதேசிக் கப்பலுக்காகச் சிறை சென்றவர்களிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

2003-ல்தான் இதற்குப் பரிகாரமாக நிக்ஸி என்ற தேசியச் சந்திப்பு நிலையம் ஏற்பட்டது. லாப நோக்கமில்லாத ஸ்தாபனம். நொய்டாவில் முதலில் தொடங்கி மும்பை, சென்னை முதலிய நகரங்களுக்கும் அது வந்தது. எண்ணம் உயர்ந்தது, ஆனால் கணக்கு எழுதிய முறையில் ஒரு கோணல். யார் அதிகம் வாங்குகிறாரோ அவர் அதிகம் அனுப்புகிறவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஆரம்ப ஆண்டுகளில் விதி வைத்தார்கள். வீட்டுச் சந்தாதாரர்களை நிறைய வைத்திருக்கும் கம்பெனிதானே அதிகம் வாங்கும்? அது சந்தைக்கு வரத் தயங்கிற்று. வந்தாலும் தன் வழிகள் எல்லாவற்றையும் அங்கே அறிவிக்கவில்லை. 2007-ல் நிக்ஸியை எப்படிச் சீர்படுத்துவது என்று ஆணையம் தனியே சிபார்சு எழுத வேண்டியதாயிற்று. சந்தைக்கு இடம் கொடுத்துவிட்டு, வாசலில் சுங்கம் போட்ட கதைதான்.

சம்பந்திச் சண்டை நமக்கு மட்டும் உரித்தானதல்ல. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் லெவல் 3 என்ற கம்பெனி கோஜென்ட் என்ற கம்பெனியோடு உறவை வெட்டிக் கொண்டது. ஒரே கம்பெனியை நம்பியிருந்த இரு தரப்புச் சந்தாதாரர்களும் சில தினங்கள் ஒருவரையொருவர் எட்ட முடியவில்லை. 2013-ன் கடைசியில் காம்காஸ்ட் சந்தாதாரர்களுக்கு நெட்பிளிக்ஸ் படங்கள் தடுமாறின; 2014 பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ் பணம் கொடுக்க இசைந்ததும் தடுமாற்றம் தீர்ந்தது. தென் கொரியாவில் அனுப்புகிறவரே பணம் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2016-ல் வந்தது. செலவு தாங்கவில்லை என்று டுவிச் என்ற வீடியோ ஸ்தாபனம் 2022-ல் அங்கே படத்தின் தரத்தைக் குறைத்து, 2024 பிப்ரவரியில் அந்நாட்டில் கடையையே கட்டிவிட்டது. 2023-ல் நம் டெலிபோன் கம்பெனிகளின் சங்கமும், பெரிய வீடியோ ஸ்தாபனங்கள் ‘நியாயமான பங்கு’ தர வேண்டும் என்று கோரிற்று. கொரியாவின் கதையைப் படித்துவிட்டுப் பிறகு இந்தக் கோரிக்கையை யோசிப்பது நலம்.

இனி, நம் ஜில்லாவுக்குத் திரும்புவோம். தர்மபுரி, சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இருக்கிறது. பெரிய சந்திப்புகள் அப்படிப்பட்ட பெருநகரங்களில்தான். ஆகவே பென்னாகரத்தில் இரண்டு பக்கத்து வீட்டார் வெவ்வேறு கம்பெனிச் சந்தாதாரர்களாக இருந்தால், ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் பெருநகரம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். தூரம் இங்கே குற்றமல்ல. சென்னைக்கு ஒளி கண்ணிமைப்பதற்குள் போய் வந்துவிடும். குற்றம் அங்கே வாசல் எவ்வளவு அகலம் என்பதில். உள்ளூர்க் கேபிள்காரர் நடத்தும் சிறு இணையத் தொழிலாக இருந்தால், அவர் பெரிய கம்பெனி ஒன்றிடம் டிரான்ஸிட் வாங்கி விற்கிறவர். சம்பந்திகள் பேசும் கூடத்தில் அவருக்கு நாற்காலியே கிடையாது.

குடும்பத்தார் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? ஓரளவு முடியும். காலையில் நன்றாயிருந்து மாலையில் மட்டும் கெடுகிறதா, ஒரு ஸ்தாபனத்தின் சேவை மட்டும் கெட்டு மற்றவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு வாரம் தேதியும் மணியும் போட்டுக் குறித்து வையுங்கள். அதே நேரத்தில் வேறு கம்பெனியின் மொபைல் வழியாக அதே பாடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தடையின்றி வந்தால், ஆசிரியரின் பக்கத்தில் குற்றமில்லை. ரூட்டர் அருகிலேயே கம்பி போட்டுப் பார்த்தும் கெடுகிறதென்றால், வீட்டுக்குள்ளும் இல்லை. தெருக் கம்பியைப் பலர் பங்கிட்டுக் கொள்வதாலும் மாலையில் வேகம் குறையும். ஆனால் அப்பொழுது எல்லாச் சேவையும் ஒன்றாகக் குறையும், வேகக் கருவியும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் குறிப்போடு எழுதும் புகாருக்கு, “ரூட்டரை அணைத்து ஏற்றுங்கள்” என்று பதில் சொல்வது கம்பெனிக்குச் சற்றுக் கடினம்.

2006-ல் ஆணையம் வெளியிட்ட தர விதிகளிலேயே, கம்பெனியின் மேல்நோக்கிய பாதைகள் நெரிசல் வேளையில் 80 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று கண்டிருந்தது. நல்ல விதி. ஆனால் அரூர் வீட்டுத் தகப்பனார் எந்தப் பாதை எத்தனை சதவிகிதம் நிரம்பியிருக்கிறது என்று எங்கே போய்ப் பார்ப்பார்? ஆம்ஸ்டர்டாம், பிராங்பர்ட் சந்திப்பு நிலையங்கள் தங்கள் மேடையில் போகும் மொத்தச் சரக்கின் அளவை எவரும் பார்க்கும்படி வரைபடமாகப் போடுகின்றன. நம் கம்பெனிகளும், யாரோடு எந்த ஊரில் சந்திக்கிறோம், இரவு ஒன்பது மணிக்கு அந்த வாசல் எவ்வளவு நிரம்புகிறது என்று மாதம் ஒரு முறை வெளியிட வேண்டும் என்று ஆணையம் கட்டளையிடலாம். மொரப்பூர் மேடையில் மூட்டைகள் குவிந்து கிடந்தால் ஸ்டேஷனுக்குப் போன எவரும் அதைப் பார்த்துவிட முடிந்தது.