யாரும் மறிக்காத சாலையில் நெரிசல் ஏன்?

விபத்து இல்லை, பள்ளம் இல்லை, சிக்னல்கூட இல்லை. ஆனாலும் வண்டிகள் ஊர்கின்றன, நிற்கின்றன. சிறிது தூரம் போனதும் சாலை தானாகத் திறந்துகொள்கிறது. தடுத்தது எது என்று திரும்பிப் பார்த்தால் அங்கே எதுவுமே இருக்காது.

இந்த மாய நெரிசலை ஜப்பானில் யூகி சுகியாமாவின் குழு வேண்டுமென்றே உருவாக்கிப் பார்த்தது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள் மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் ஓடின. முதலில் சீராக ஓடிய கார்களில் சில, விரைவிலேயே அடியோடு நின்றன. நின்ற இடம் அலைபோலப் பின்னோக்கி மணிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தது. ஆய்வு 2008இல் வெளியானது.

இதற்கான விளக்கம் ஏற்கெனவே புள்ளியியல் இயற்பியலில் இருந்தது. வாயுவில் ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கோடிக்கணக்கானவை சேர்ந்து தரும் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். ஓட்டுநர்களையும் அப்படி அணுகினார்கள் ஜெர்மானியர்களான கை நாகலும் மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க்கும். 1992இல் அவர்கள் வெளியிட்ட மாதிரியில் சாலை என்பது 7.5 மீட்டர் நீளக் கட்டங்களின் வரிசை. கட்டத்துக்கு ஒரு கார். ஒவ்வொரு நொடியும் நான்கே விதிகள்: முடிந்தால் வேகத்தைக் கூட்டு, முன்னால் இடம் இல்லையென்றால் குறை, சில சமயம் காரணமின்றியும் கொஞ்சம் குறை, பிறகு நகர்.

மூன்றாவது விதிதான் சூட்சுமம். கவனம் சிதறுவது, தேவைக்கு மேல் பிரேக்கை அழுத்துவது போன்ற மனித இயல்புகளெல்லாம் அதற்குள் அடக்கம். அதை எடுத்துவிட்டால் தானாக முளைக்கும் நெரிசலும் போய்விடும். வண்டிகள் குறைவாக உள்ளபோது ஒருவரின் தடுமாற்றம் இடைவெளியில் கரைந்துவிடுகிறது. அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் பின்னால் வருபவர் இன்னும் அழுத்தமாக பிரேக் போடுகிறார், அவருக்குப் பின்னால் வருபவர் நின்றேவிடுகிறார். நீர் பனிக்கட்டியாவது போன்ற நிலைமாற்றம் இது.

இதே கணிதத்தின் இன்னொரு வடிவம் 1968இலேயே உயிரியலில் வந்துவிட்டது. செல்லுக்குள் ஆர்.என்.ஏ. இழைமீது வரிசையாக நகர்ந்து புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை விளக்க அதைப் பயன்படுத்தினார்கள். எறும்புகளையும் ஆராய்ந்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேவாசிஷ் சௌத்ரி இடம்பெற்ற குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவழித் தடத்தில் கூட்டம் கூடினாலும் எறும்புகளின் வேகம் குறையவில்லை என்று தெரிந்தது. அவற்றுக்கு நெரிசலே இல்லை!

நம் ஊர்ச் சாலைகளுக்கு நாகல்-ஷ்ரெக்கன்பெர்க் மாதிரி அப்படியே பொருந்தாது. பைக், ஆட்டோ, பஸ் எல்லாம் தடம் பாராமல் கலந்து ஓடுவதால் கட்டங்களைச் சிறிதாக்கி, பக்கவாட்டில் நுழைவதற்கும் விதிகள் சேர்க்க வேண்டும். ஒருவரின் சிறு தடுமாற்றமே நெரிசலாக வளரும் என்ற அடிப்படைப் பாடம் மட்டும் மாறாது.

அமெரிக்காவின் அரிசோனாவில் இதே வட்டச் சோதனையை நடத்தியவர்கள், சுமார் 20 கார்களுக்கு நடுவே தானியங்கி கார் ஒன்றை நிதானமாக ஓடவிட்டார்கள். நெரிசல் அலை அடங்கியது; எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. முன்னால் இடைவெளி கிடைத்ததும் பாய்ந்து நிரப்பாமல் சீராக ஓட்டுங்கள். பின்னால் வரும் பலருக்கும் அது செய்யும் உதவி.