பிஹெச்.டி முடிச்சாச்சு... அடுத்து என்ன? - 35 வயதுக்குள் தட்ட வேண்டிய கதவுகள்!

"இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?"

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கும் கெடார் போன்ற ஊர்களில், குடும்பத்திலேயே முதல் ஆளாக முனைவர் பட்டம் வாங்கியவர்கள் தவறாமல் சந்திக்கும் கேள்வி இது. 'போஸ்ட்டாக்' எனப்படும் முதுமுனைவர் ஆய்வு என்றதும், அது இன்னொரு படிப்பு என்றே வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் அது படிப்பல்ல. மாதாமாதம் உதவித்தொகை வரும் ஆராய்ச்சிப் பணி.

கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். அங்கேதான் சிக்கல். வயது வரம்பு காத்திருக்காது!

அறிவியல், பொறியியல் துறையினர் முதலில் பார்க்க வேண்டியது தேசிய முதுமுனைவர் ஃபெல்லோஷிப். முன்பு எஸ்.இ.ஆர்.பி வழங்கிய இதை, இப்போது ஏ.என்.ஆர்.எஃப் எனப்படும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வழங்குகிறது. காலம் 2 ஆண்டுகள். வயது வரம்பு 35. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், ஓ.பி.சி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு சலுகை உண்டு. இங்கே ஒரு விஷயம் கவனம்: நம் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய பி.சி, எம்.பி.சி சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி சான்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தனியாகவே போஸ்ட்டாக் இடங்களை அறிவிக்கின்றன. பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களில் 'ரிசர்ச் அசோசியேட்' பணியும் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை, நிலைக்கு ஏற்ப மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. வீட்டு வாடகைப் படி தனி.

வெளிநாடு என்றால், ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு பிஹெச்.டி முடித்த 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

எதில் விண்ணப்பித்தாலும் முதல் வேலை, வழிகாட்டியைத் தேடுவது. உங்கள் துறையில் சமீபத்திய கட்டுரைகளைப் படியுங்கள். அவற்றை எழுதிய பேராசிரியருக்கு ஒரு பக்க மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய எந்த ஆய்வைப் படித்தீர்கள், அதில் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் பதில் வராது. அவர் சம்மதித்த பிறகு, நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வாங்கவே சில வாரங்கள் ஆகலாம். அதனால், அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் ஆய்வறிக்கை எழுதும்போதே தேட ஆரம்பிப்பது நல்லது. தொகையும் கடைசித் தேதியும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே கொண்டாடிய திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். டிப்ளமோவில் தொடங்கி சென்னை ஐ.ஐ.டி-யில் முனைவர் பட்டம் வரை போனவர். அவர் வீட்டிலும் படிப்பு முடிய வருஷங்கள் ஆகியிருக்கும்தானே?

அடுத்த முறை யாராவது 'இன்னும் எத்தனை வருஷம்?' என்று கேட்டால், 'இது படிப்பில்லம்மா, வேலை' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அன்றைக்கே முதல் மின்னஞ்சலையும் அனுப்பிவிடுங்கள்!